ஆறே முக்கால் வகுப்பு

கிரிம்ஸ்பியில் மீன் ஆலைகளின் ஷிஃப்ட் முடிந்து
ஆறே முக்காலுக்கு வருகிறார்கள்.
எத்தனை கழுவினாலும் போகாத ஹேடக் வாடை.
ஜன்னலைத் திறந்தால் குளிர்,
மூடினால் கடல்.
தேவாலயத்தின் பின்கூடத்தில்
குழந்தைகள் உட்காரும் நாற்காலிகள் பதினொன்று.
முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்து
ஆங்கிலம் படிக்கிறோம்.
படிக்கிறார்கள். கற்பிப்பது நான்.
சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

முதல் வருடம் முழுக்க
ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும்
'புரிந்ததா?' என்று கட்டி அனுப்பினேன்.
'எஸ்' என்றார்கள்.
பூம்பூம் மாடுகூட
கேள்வி முடியும்வரை காத்திருக்கும்.
இவர்கள் தலை அதற்கு முன்பே ஆடியது.
நன்றாகச் சொல்லித்தருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.
கயிறு என் கையில் இருந்ததை
நான் பார்க்கவே இல்லை.

எஸ்ஸுக்குள் என்னவெல்லாம் உட்கார்ந்திருக்கும் என்று
எந்த அகராதியும் சொல்லித்தரவில்லை.
எஸ், கடைசி பஸ் போய்விடும்.
எஸ், நீங்களும் களைத்திருக்கிறீர்கள்.
எஸ், பக்கத்தில் இருப்பவன் ஆலையில் எனக்குக் கீழே,
அவன் முன்னால் கேட்க மாட்டேன்.
எஸ், என்னை விட்டுவிட்டு
அடுத்த ஆளிடம் போங்கள்.

பிப்ரவரியில் வைதாஸ் கட்டுப்போட்ட கையோடு வந்தான்.
அந்த எச்சரிக்கையை இதே பலகையில்
நான்தான் எழுதிக் காட்டியிருந்தேன்:
கத்தி ஓடும்போது கைகள் கிளியராக இருக்கட்டும்.
புரிந்ததா? எஸ்.
அவன் கைகள் கிளீனாக இருந்தன.
சோப்புப் போட்டு, நகத்தடியிலும் தேய்த்து,
துடைத்து,
அதன் பிறகுதான் எந்திரத்தருகே நீட்டியிருக்கிறான்.
மோதிர விரலில் ஒரு கணு குறைந்தது.
'கடைசி எழுத்து மட்டும்தானே வேறு, டீச்சர்'
என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

அன்றோடு அந்தக் கேள்வியை விட்டேன்.
கை எங்கே இருக்க வேண்டும், காட்டு.
பதினோரு பேரும் பின்னால் சாய்ந்து
கைகளை இழுத்துக்கொள்கிறார்கள்,
மேசைமேல் ஏதோ கொதிப்பதுபோல.
மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா?
வீட்டுக்காரர் கடிதத்தில் கெடு எந்தத் தேதி, விரல் வை.
ஷெர்ஸாத் தவறான தேதியில் விரல் வைக்கிறான்.
எனக்குச் சந்தோஷம்.
தவறு வெளியே வந்துவிட்டது, இனி அதோடு பேசலாம்.

பிழை கேட்டதும் பாய்வதும் இல்லை.
மனதுக்குள் பத்துவரை எண்ணுகிறேன்.
ஏழில், சிலசமயம் ஒன்பதில்,
ட்ஸெஹாய்து தானே நின்று, திரும்பிப்போய்,
விட்டுவந்த இறந்தகால விகுதியை எடுத்துக்கொண்டு வருகிறாள்,
கடையில் குடையை மறந்தவள்போல.
எண்ணாமல் விட்ட நாட்களில்
எத்தனை பேரின் குடையை நானே தூக்கிக்கொண்டு
பின்னால் ஓடியிருப்பேன்.

நேற்று ஹலீனாவின் பயிற்சித்தாள்.
'கெர்சனில் முப்பத்தொரு வருடமாக வாழ்ந்துவருகிறேன்.'
இதற்கான கேள்வி பாடப்புத்தகத்திலேயே உண்டு:
இப்போதும் அங்கேதான் இருக்கிறாயா?
இல்லை என்றால் 'வாழ்ந்தேன்'.
அவ்வளவுதான், அரை நிமிட வேலை.
கேட்டேன்.

ஒன்று. இரண்டு.
ஹீட்டர் ஒருமுறை கனைத்தது.
பத்தும் தாண்டிப் போனது.
அவள் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
ஒன்று ஆலை லாக்கருக்கு.
ஒன்று வாடகை அறைக்கு.
மூன்றாவது நீளம், பல் தேய்ந்தது.
அதைத் தொட்டு, 'ஐ ஹேவ்' என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.
மற்ற ஒன்பது வரிகளையும் திருத்திவிட்டேன்.
ஒரு 'த' கூட விடவில்லை.
அந்த வரிக்குப் பக்கத்தில்
பேனாவை வைத்து எடுத்ததில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.
இப்படி எழுதலாமா என்று பார்க்கிறேன்:
இலக்கணம் தவறு, புரிந்தது.

எழுதினால் செவ்வாய்க்கிழமை அவள் கேட்பாள்,
நான் பழக்கிய அதே குரலில்:
என்ன புரிந்தது, டீச்சர்?
காட்டு.